பின்னால் நிற்பவர்

லிஃப்ட் மெக்கானிக்குப் பயம் என்பதே கிடையாது என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். இருபதாவது மாடி உயரத்தில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு, இருட்டுக் குழிக்குள் பாட்டு முணுமுணுத்தபடி வேலை செய்கிற ஆள். வயது நாற்பத்தாறு. காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை. அப்படிப்பட்டவர் சொந்த வீட்டுக் கழிப்பறைக்குள் போக நடுங்கினார் என்றால் யார் நம்புவார்கள்?

முதல் தடவை அது வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சிறுநீர் கழித்து முடிக்கும் நேரம் பிடரி சில்லிட்டது. முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், யாரோ வந்து நிற்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. நெஞ்சு இடித்த இடியில் காது அடைத்தது. நெற்றிப்பொட்டு தெறித்தது. இதோடு முடிந்தது கதை என்று நினைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினால் சாத்திய கதவும், ஆணியில் தொங்கும் துண்டும்தான். இரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

வெளியே வந்தவரைப் பார்த்து மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"என்னங்க இது, முகத்துல ரத்தமே இல்ல? சட்டை தொப்பலா நனைஞ்சு கிடக்கு."

"உள்ள யாரோ இருந்த மாதிரி இருந்துச்சு."

"நீங்க ஒரு ஆள் நிக்கவே அங்க இடம் இல்ல. இன்னொருத்தர் எங்க நிப்பாரு?"

அவரும் சிரித்துவிட்டார். ஆனால் அந்த வாரமே மறுபடி வந்தது. பிறகு வாரத்துக்கு மூன்று முறை, நான்கு முறை. தினமும் தவறாமல் வந்திருந்தால்கூடப் பழகிப்போயிருக்கும். வருமா வராதா என்று தெரியாமல் தாழ்ப்பாளைப் போடுவதுதான் கொடுமையாக இருந்தது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். அடக்கி அடக்கி வைத்தார். அடக்கி வைத்த நாட்களில் அது இன்னும் மூர்க்கமாக வந்தது.

மனைவியின் தம்பியும் அவரோடு லிஃப்ட் வேலைதான் பார்த்தான். "பேய்க்கு வேற இடமே கிடைக்கலையா மாமா?" என்று ஆரம்பத்தில் கேலி செய்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தபிறகு கேலியை விட்டுவிட்டு, "வீட்டை மாத்திப் பாருங்க" என்றான். மாற்றினார்கள். வேலையிடத்துக் கழிப்பறையிலும் அது வந்திருக்கிறது என்பதை மெக்கானிக் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வீடு மாறிப் பயனில்லை என்று தெரிந்தேதான் அவர் மூட்டை கட்டினார். புது வீட்டில் முதல் நாள் காலை, தாழ்ப்பாள் போட்ட கை இறங்குவதற்குள், பிடரி சில்லிட்டது.

மனநல டாக்டரிடம் காட்டினார்கள். அவர் கொடுத்த மாத்திரையில் நல்ல தூக்கம் வந்தது. பின்னால் நிற்பவரும் வந்துகொண்டுதான் இருந்தார்.

ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு, பதினான்காம் மாடி உயரத்தில், லிஃப்ட் கூரைமேல் நின்று ஒரு போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த வயிறு. எட்டாத போல்ட்டுக்காகக் குனிந்தபோது இடுப்புப் பட்டை அடிவயிற்றில் அழுந்தியது. அவ்வளவுதான். அது கூரைமேல் ஏறி வந்துவிட்டது. மூச்சுக்காற்று படுகிற நெருக்கத்தில் நின்றது. அதனிடமிருந்து விலக அவர் முன்னால் ஒரு அடி எடுத்து வைத்தார். முன்னால் தரை இல்லை.

பக்கத்தில் நின்ற மச்சினன் அவருடைய இடுப்புப் பட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். இருவரும் கூரைமேல் விழுந்தார்கள்.

"என்ன மாமா பண்றீங்க?"

"தள்ளி நிக்கச் சொல்லுடா அந்த ஆளை" என்றார் மெக்கானிக்.

அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பிரஷர் சரியாக இருந்தது. இ.சி.ஜி. சரியாக இருந்தது. இளம் டாக்டர் ஒருவர் "டென்ஷன்தான், ரெஸ்ட் எடுங்க" என்று சீட்டு எழுதப்போனார். அடுத்த மேஜையில் இருந்த மூத்த டாக்டரம்மா, ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருந்தவர், நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இது எப்பெப்ப வரும்?"

மெக்கானிக் வெட்கத்தில் மென்று விழுங்கினார். மனைவிதான் போட்டு உடைத்தாள். "ஒண்ணுக்குப் போகும்போதுதான் டாக்டர். பாத்ரூம் கதவைத் திறந்தாலே இவருக்கு உதறுது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஆள் நிக்கிறாங்கன்னு பயந்து நெஞ்சு அடிச்சுக்குதா? இல்ல, நெஞ்சு அடிச்சுக்க ஆரம்பிச்ச பிறகு ஆள் வராங்களா?"

எட்டு மாதத்தில் யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. கண்ணை மூடி யோசித்தார். "நெஞ்சுதான் முதல்ல. ஒரு நொடி முன்னாடி."

இரண்டு பாட்டில் தண்ணீர் குடிக்கவைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து, கையில் பிரஷர் பட்டையைக் கட்டி, ஆண் நர்ஸ் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, கழிப்பறைக்குள் அனுப்பினார்கள். கதவைத் திறந்தே வைத்து, டாக்டரம்மா வெளியே நின்றுகொண்டார். மெக்கானிக் சுவரைப் பார்த்து நின்றார். கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய குரல், வேறு யாருடைய குரலோ போல.

"டாக்டர், எனக்குப் பின்னால நிக்கிறது நீங்கதானே?"

"நான் கதவுகிட்ட நிக்கிறேன்."

"அப்ப நடுவுல நிக்கிறது யாரு?"

டாக்டரம்மா இருவருக்கும் நடுவே இருந்த ஈரத் தரையைப் பார்த்தார். அதற்குள் மிஷின் கூவியது. இருநூற்று ஐம்பத்திரண்டு. கீழே நூற்று நாற்பது. நர்ஸ் மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி அமுக்கினார். இருநூற்று நாற்பத்தாறு. மெக்கானிக்கின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவரைத் தாங்கிப் பிடித்துப் படுக்கவைத்தார்கள். பத்து நிமிடத்தில் பிரஷர் ஒன்றும் தெரியாத மாதிரி இறங்கி வந்தது.

ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் சேர்த்துப் பரிசோதித்தார்கள். பிறகு ஸ்கேன். டாக்டரம்மா படத்தை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். மூத்திரப்பையின் சுவரில் ஒரு திராட்சை அளவுக்குக் கட்டி.

"ஆபத்து வந்தா உடம்புல ஒரு சுரப்பு பாயும். ஓடுறதுக்கும் அடிச்சுக்கிறதுக்கும் அதுதான் தெம்பு. அது சுரக்குற இடம் கிட்னிக்கு மேல இருக்கு. உங்களுக்கு இன்னொரு இடத்துலயும் முளைச்சிருக்கு. பை சுருங்குறப்பவும் அழுந்துறப்பவும் அது பிழிஞ்சு ரத்தத்துல கொட்டிடுது. உடம்பு முழுக்கப் பயம், ஆனா பயப்பட எதுவும் இல்ல. மனசு பாவம், ஒரு ஆளைக் கொண்டு வந்து நிறுத்திடுது. லட்சத்துல ஒருத்தருக்குக்கூட வராது."

மனைவி அப்பாடா என்று மூச்சு விட்டாள். டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "சிலருக்கு இது பரம்பரையா வரும். உங்க அப்பா எப்படி இறந்தாரு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்து..." என்று ஆரம்பித்த மெக்கானிக் பாதியில் நின்றார்.

அப்பா கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம், சிறு பையனாக இருந்த அவரை வாசலில் நிற்கவைப்பார். வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். பதினாறாம் வாய்ப்பாடு, பதினேழாம் வாய்ப்பாடு. குரல் தணிந்தால் உள்ளேயிருந்து கதவைத் தட்டுவார். "சத்தமா சொல்லுடா, நிறுத்தாதே." பையனுக்குக் கணக்கு வரட்டும் என்று செய்கிறார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பையன் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு காலையில் கதவை உடைத்து அப்பாவை வெளியே எடுத்தார்கள்.

மெக்கானிக் இதைச் சொல்லி முடித்தபோது டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார்.

பிரஷரைக் கட்டிப்போட இரண்டு வாரம் மாத்திரை, அதன்பிறகு ஆபரேஷன். கட்டியைத் தொட்ட நிமிடம் பிரஷர் எகிறியது என்றும், மயக்க மருந்து டாக்டர் எதிர்பார்த்துத் தயாராக இருந்தார் என்றும் பிறகு சொன்னார்கள். சிறுநீர்க் குழாயை எடுத்த அன்று மெக்கானிக் தனியாகக் கழிப்பறைக்குப் போனார். தாழ்ப்பாளைப் போட்டார். பிடரி காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் வெறும் காற்று. அவர் வெகுநேரம் அங்கேயே நின்றதால் மனைவி கதவைத் தட்டிவிட்டாள்.

கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. மெக்கானிக்கின் மகளுக்கு ஒன்றும் இல்லை. மீதி இருந்தது அக்கா ஒருத்திதான். வேறு ஊரில், பிள்ளைகள் வெளியே போனபின் தனியாக இருந்தாள். போன் செய்து, கட்டி, சுரப்பு, ஸ்கேன் எல்லாம் சொன்னார்.

"அக்கா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"உனக்கு அந்த மாதிரி ஏதாவது...?"

"குனிஞ்சு கூடையையோ துணியையோ எடுக்கும்போது வரும். பதினாலு வருஷமா."

"பதினாலு வருஷமா? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"அப்பான்னு நெனச்சேன்டா" என்றாள் அக்கா. "முதல்ல பயந்தேன். அப்புறம் பழகிடுச்சு. எம் பின்னால நிக்கிறப்ப நாலு வார்த்தை பேசுவேன். பசங்க போன பிறகு வேற யாருகிட்ட பேசுறது?"

அவளைப் பரிசோதனைக்கு அழைத்து வர மூன்று மாதம் கெஞ்ச வேண்டியிருந்தது. வலது கிட்னியை ஒட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருந்தது கட்டி. இதயத் தசை தடித்துப்போயிருந்தது. இன்னும் ஒரு வருஷம் தாங்கியிருக்காது என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போடுமுன் அக்கா இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்தாள்.

நல்லபடியாகத்தான் முடிந்தது. வீட்டுக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து மெக்கானிக் போய்ப் பார்த்தார். அக்கா தேறியிருந்தாள், முகத்தில் சிவப்பு ஏறியிருந்தது. தம்பியின் முன்னால் குனிந்து, தரையில் கிடந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள்.

"இப்ப எப்படி இருக்குக்கா?"

"உடம்புக்கு நல்லா இருக்கு" என்றாள். மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். "வீடுதான்டா ரொம்பப் பெருசாயிடுச்சு."