கொல்லையில் ஒரு கீச்சான்

சுனாமிக்குப் பிறகு நிக்கோபார்த் தீவின் கேம்பல் பேயில் தரையே தாழ்ந்துபோயிற்று. இரண்டு மழைக்காலம் கழிந்தும் சிவஞானத்தின் வீட்டுக் கொல்லையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீருக்கடியில், மொட்டையாகிப்போன தென்னையின் காலடியில்தான் மகள் தமிழரசியைப் புதைத்திருந்தார்கள். சுனாமிக்கு முன்பே காய்ச்சலில் போன பிள்ளை.

மேட்டில் அரசாங்கம் கொடுத்த வீட்டுக்கு வர மாட்டேன் என்று சிவஞானம் ஒற்றைக்காலில் நின்றார். “மழைத்தண்ணிதான். கரை கட்டி பம்ப்செட் வச்சு இறைச்சா பாப்பா இடம் வெளிய வந்துரும். பக்கா!” பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தீவில் குடியேறியவர்; சொல்லிவிட்டால் அது உத்தரவு. மனைவி அங்கம்மா எதிர்த்துப் பேசவில்லை.

ஒருநாள் காலை கொல்லைத் தண்ணீரில் துண்டை வீசி, விரல் நீள மீன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“செவுள்ல முள்ளு குத்துது பாரு! நம்மூர்க் கண்மாய்ப் பனையேறி. கடல்ல இருக்குமா இது?”

சிவகங்கைப் பக்கத்து மனுஷனுக்குக் கண்மாயைத் தாண்டி என்ன மீன் தெரியும்? அங்கம்மா தொண்டிக் கடற்கரையில் பிறந்தவள். பனையேறி கறுத்துக் கிடக்கும், உடம்பில் கோடு இருக்காது. இதுவோ வெள்ளியாய் மின்னியது. முதுகை ஒட்டி மூன்று கறுப்புக் கோடுகள், தொய்ந்த கொடிக்கயிறு மாதிரி வளைந்து கிடந்தன. வாலிலும் கோடு. சந்தேகமே இல்லை, கடல் மீன் கீச்சான். கொல்லைக்குள் கடல் வந்து போய்க்கொண்டிருக்கிறது. ஆயுசுக்கும் இறைத்தாலும் தீராது.

அவர் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை போனதிலிருந்து அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கண்டதில்லை. உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை.

“ஆமாங்க. பனையேறிதான்.”

நேரம் பார்த்து அவர் கையிலிருந்த பாவி மீன் கத்தித் தொலைத்தது. கீச், கீச்.

அங்கம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிவஞானம் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பனையேறி கத்தாது, அங்கம்மா. தண்ணி உப்புத்தான். போன மாசமே வாயில வச்சுப் பாத்துட்டேன். கடக்கரைக்காரி நீ ஒரு வார்த்த பனையேறின்னு சொல்லிட்டா, நம்பிரலாம்னு இருந்தேன்.”

அவள் மீனை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தென்னை வரைக்கும் போய் அதை நீந்த விட்டாள்.

“அவ தனியாக் கிடக்கா. பக்கத்துலயே இரு” என்று மீனிடம் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

சாயங்காலம் சிவஞானம் போய் மேட்டு வீட்டுச் சாவியை வாங்கி வந்தார்.