இரண்டு பிள்ளைகள், இரண்டு இன்ஷியல்

கண்டக்டரின் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள். ஆனால் பெரியப்பாவின் பெயருக்கு முன்னால் 'கா.' இருந்தது, அப்பாவின் பெயருக்கு முன்னால் 'மு.' இருந்தது. சின்ன வயதில் அவள் இதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் வீட்டில் யாருக்காவது திடீரென்று இருமல் வந்துவிடும்.

அப்பா மட்டும் ஒருமுறை பதில் சொன்னார். "தாத்தா பேரை மாத்திக்கிட்டார்மா. சட்டப்படி. கடைசிவரைக்கும் அவருக்கு எது பேரோ, அதை நான் போட்டுக்கிட்டேன்."

"ஏன் மாத்திக்கிட்டார்?"

"எனக்கு அப்ப ரெண்டு வயசு. பெரியப்பாவுக்குத் தெரியும். ஆனா அவர் வாயைத் திறக்க மாட்டார்."

அவர் திறக்காத வாயையெல்லாம் சொந்தக்காரர்கள் திறந்தார்கள். தாத்தா எங்கோ திருடிவிட்டு ஓடி வந்தவர் என்றார்கள். இன்னொரு குடும்பம் இருந்தது என்றார்கள். வாய்க்கு வந்ததெல்லாம் வரலாறாகிவிட்டது. பஸ்ஸில் நூறு பேரை ஒரு அதட்டலில் உள்ளே தள்ளுகிற கண்டக்டர், இந்த ஒரு பேச்சில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போவாள்.

அப்பா இறந்தபின் அவர் நினைவுக்குக் கல் வைப்பதென்று முடிவானது. பெரியவர் என்ற முறையில் பெரியப்பாவே ஏற்பாடு செய்தார். ஒரு நாள் கல்வெட்டுகிறவர் கண்டக்டருக்கு போன் செய்தார்.

"அம்மா, இன்ஷியல் 'கா.'ன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க அனுப்பின போட்டோவுல பேருக்கு முன்னாடி 'மு.'ன்னு இருக்கு. பேப்பர்னா அடிச்சுத் திருத்தலாம். இது கல்லு. எது சரி?"

"உளியைக் கீழ வைங்க. நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு, யூனிஃபாரம் கூட மாற்றாமல் பெரியப்பா வீட்டுக்குப் போனாள்.

பெரியப்பாவுக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது. சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டுதான் சோபாவில் உட்காருவார். பக்கத்தில் அவர் மகன் ஆடிட்டர் இருந்தான்.

"அது தப்பு இல்லை. திருத்தம்," என்றார் பெரியப்பா. "இனிமேலாவது நாங்க ரெண்டு பேரும் ஒரு அப்பனுக்குப் பிறந்தவங்களா இருந்துட்டுப் போறோம்."

"வாழ்நாள் முழுக்க எங்கப்பா மு.தான். செத்ததும் கா. ஆயிடுவாரா? கடைசி ஸ்டாப்புல இறங்கினவருக்கு ரூட் நம்பரை மாத்தறீங்களே."

"அது நம்ம பேர் இல்லை. எவனோ ஒருத்தன் பேரு."

"எவன் பேரு?"

பெரியப்பா ஜன்னலைப் பார்த்தார். "செத்த பாம்பை எதுக்குடி அடிக்கிறே?"

"செத்த பாம்புன்னா நீங்க ஏன் பயப்படறீங்க?"

ஆடிட்டர் நடுவில் புகுந்தான். "அக்கா, ஒரு எழுத்துதானே. விட்டுக்குடுத்துட்டுப் போ."

"ஒரு எழுத்துதானே? நீ விட்டுக்குடு."

அன்றுவரை அவளுக்கு இது ஆறிப்போன விஷயம். பெரியப்பாவின் வாயிலிருந்து "எவனோ" என்ற சொல் விழுந்ததும் பற்றிக்கொண்டது. அந்த எவன் யாரென்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று லீவு எழுதிக் கொடுத்தாள்.

பழைய அரசிதழ்களை வைத்திருந்த அலுவலகத்தில் தாத்தாவின் பெயர் மாற்ற அறிவிப்பு கிடைத்தது. இன்னார் என்று அறியப்பட்ட நான் இன்றுமுதல் இன்னார் என்று அழைக்கப்படுவேன் என்பதோடு சரி. காரணம் எங்கே என்று கேட்டாள்.

"காரணம் சொல்லணும்னு சட்டம் இல்லைம்மா," என்றார் அங்கிருந்த அலுவலர். "கல்யாணம், ஜோசியம், கடன்காரன், எதுவா வேணா இருக்கலாம்."

அறிவிப்பில் விலாசம் இருந்தது. ஒரு கண்ணாடித் தொழிற்சாலைக்குப் பின்தெரு. அங்கே போய்ப் பார்த்தால் தொழிற்சாலை இல்லை. அது இருந்த இடத்தில் டைல்ஸ் கிடங்குகளும் ஒரு ஜிம்மும் இருந்தன. வீடு வீடாகக் கேட்டாள். வாடகைக்கு வந்தவர்கள் கதவைப் பாதி திறந்து முழுதாகச் சாத்தினார்கள். மரியாதையாக மெல்லக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், தெருக்கோடி சலூன் வாசலில் நின்று, ஸ்டாப்பின் பெயரைச் சொல்கிற குரலில் தாத்தாவின் இரண்டாவது பெயரைச் சொல்லி, "அவரை யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள்.

சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர் திடுக்கிட்டார். சலூன்காரர் கத்தியை அவர் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"யாரைக் கேக்கறீங்க? செத்தவரையா, சாகாதவரையா?"

"என்னது?"

"அந்தப் பேர்ல இந்தத் தெருவுல ரெண்டு பேர். எங்கப்பா காலத்துக் கதை. ஒருத்தர் செத்துப்போனார், இன்னொருத்தர் அவர் பேரை எடுத்துக்கிட்டார். தெருவே அவரை சாகாதவர்னுதான் கூப்பிடும்." அவளை மேலும் கீழும் பார்த்தார். "செத்தவரோட பொண்ணு பொத்தான் கடை வச்சிருக்காங்க. மார்க்கெட் பக்கம். பார்த்துப் பேசுங்க, அவங்களுக்கு நாக்கு கொஞ்சம் நீளம்."

பொத்தான் கடை ஒரு ஆள் நிற்கிற அகலம்தான். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கிற பொத்தான் ஒன்று தைத்திருந்தது. கல்லாவில் இருந்தவருக்குப் பெரியப்பாவைவிட இரண்டொரு வயது குறைவாக இருக்கலாம். கண்டக்டர் தாத்தாவின் பெயரைச் சொல்லி, தான் அவர் பேத்தி என்றாள்.

"சாகாதவர் பேத்தியா? அதான் இந்தக் குரல்," என்றார் அவர். "உட்காரு."

"நீங்க சொல்லணும்மா, எங்க தாத்தா ஏன்..."

"அம்மா இல்லை. எங்கப்பா பேர்ல இருந்தவர் உங்க தாத்தா. முறைப்படி நான் உனக்கு அத்தை."

அத்தை சொன்னது இதுதான். அவருடைய அப்பா அந்தத் தொழிற்சாலையில் தினக்கூலி. விடிகாலையில் கேட்டில் நின்றால் கையைக் காட்டிக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அட்டையும் கிடையாது, நம்பரும் கிடையாது. உலையடியில் அவருக்கு ஜோடி தாத்தா. தாத்தா நிரந்தர ஆள். ஒரு நாள் உலை வாயின் வளைவு இடிந்து அத்தையின் அப்பாமேல் விழுந்தது. தாத்தாதான் வெறுங்கையால் செங்கல்லை இழுத்துப் போட்டு வெளியே எடுத்தார். உயிர் இல்லை. நிர்வாகம் உடலைப் பின் கேட் வழியாகத் தூக்கிக்கொண்டுபோய் ரோட்டோரம் போட்டது. யாரோ வழிப்போக்கன், எங்கள் ஆள் இல்லை, அப்படி ஒருத்தன் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று கூசாமல் சொன்னது.

"எங்கம்மா நஷ்டஈடு கேட்டு கேஸ் போட்டாங்க. கோர்ட்ல உங்க தாத்தா ஒருத்தர்தான் சாட்சி. மத்தவங்களுக்குப் பயம், குழந்தைகுட்டிக்காரங்க. கம்பெனி வக்கீல் கேட்டானாம், 'இல்லாத ஆளோட வேலை பார்த்தேங்கறியே, பேயோட வேலை பார்த்தியா?'ன்னு. கோர்ட்டே சிரிச்சுது. கேஸ் போச்சு."

"அப்புறம்?"

"எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னார். 'அண்ணி, அவன் பேரை எனக்குக் குடுங்க'ன்னார். எங்கம்மா இவருக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு நினைச்சாங்க. 'பேரை வச்சு என்ன பண்ணப் போறீங்க?'ன்னாங்க. 'இல்லைன்னு சொன்ன வாயாலயே தினம் கூப்பிட வைக்கப் போறேன்'னார்."

"கூப்பிட்டாங்களா?" என்றாள் கண்டக்டர்.

"சட்டப்படி மாத்தினா அவங்க ஏத்துக்கிட்டுத்தானே ஆகணும்? ஷிஃப்ட் ஆரம்பத்துல டைம்கீப்பர் கேட்ல நின்னு ஒவ்வொரு பேரா கத்துவான். எங்கப்பா பேரையும் கத்தினான். உங்க தாத்தா 'ஆஜர்'னு சொல்லலை. 'இருக்கேன்!'னு சொன்னார். தெருக்கோடி வரைக்கும் கேட்டுது. எங்கப்பா பேர் கேட்டதும் அப்பா வந்துட்டார்னு நான் ஓடினேன். பார்த்தா இவர் நிக்கறார். எனக்கு வந்த ஆத்திரத்துல அவர் கையைக் கடிச்சுட்டேன். ரத்தம் வந்துடுச்சு. மனுஷன் கையை இழுக்கலையே. நானே விடற வரைக்கும் அப்படியே நின்னார்."

ஒருத்தி வந்து சட்டைப் பொத்தான் கேட்டாள். அத்தை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத் தொடர்ந்தார்.

"போகப் போக வரிசையில நின்னவங்க எல்லாரும் சேர்ந்து கத்த ஆரம்பிச்சாங்க. டைம்கீப்பரை மாத்திப் பார்த்தாங்க, ஒண்ணும் நடக்கலை. கடைசியில உங்க தாத்தாவை வேலையை விட்டுத் தூக்கினாங்க. 'எங்கள் தொழிற்சாலையில் பணியாற்றிய இன்னார் நீக்கப்படுகிறார்'னு ஆர்டர் அடிச்சுக் குடுத்தாங்க. எங்கப்பா பேரு, அவங்க முத்திரை! அதை எடுத்துட்டு வந்து எங்கம்மாகிட்ட காட்டினார். கோர்ட்டுல அது செல்லாதுன்னு தெரியும். ஆனா அப்பா போனப்புறம் எங்கம்மா சிரிச்சது அன்னைக்குத்தான்."

அதற்குப் பிறகு எந்தத் தொழிற்சாலையும் தாத்தாவைச் சேர்க்கவில்லை. மூட்டை தூக்கினார், வெள்ளையடித்தார். முதலாளிமார், "பழைய பேருக்கு மாறிடு, வேலை தர்றோம்" என்று ஆள் விட்டபோதும் மாறவில்லை.

கண்டக்டர் அழவில்லை. இத்தனை வருஷம் தலையைக் குனிந்தோமே என்ற கோபம்தான் வந்தது. "அத்தை, கடையைச் சாத்திட்டு என்னோட வர்றீங்களா?" என்றாள்.

பெரியப்பா கதவைத் திறந்ததும் அத்தையைப் பார்த்து அப்படியே நின்றார். "கடிகாரி," என்றார் மெதுவாக.

"ஞாபகம் இருக்கே. அப்ப மத்ததும் இருக்கும்."

பெரியப்பா சோபாவில் உட்கார்ந்தார். கண்டக்டர் நின்றபடியே கேட்டாள். "உங்களுக்கு எல்லாம் தெரியும். ஊரே திருடன்னு சொன்னப்ப ஏன் பெரியப்பா சும்மா இருந்தீங்க?"

"எனக்கு அப்ப எட்டு வயசுடி!" என்று கத்தினார் அவர். அவர் கத்தி அவள் கேட்டதே இல்லை. "வாத்தியார் எல்லார் முன்னாடியும் கேட்டார், 'அப்பன் பேரு மாறிடுச்சா, அப்பனே மாறிட்டானா?'ன்னு. கிளாஸே சிரிச்சுது. வீட்டுக்கு வந்து அழுதேன். என் தலையைத் தடவலை அவர். 'நீயும் புதுப் பேரைச் சத்தமா சொல்லு'ன்னார். செத்தவனுக்காக அவ்வளவு செஞ்சார். உயிரோட இருந்த எனக்கு என்ன செஞ்சார்? பசியில கிடந்தது எங்க அம்மா, நான், உங்கப்பன். அவர் வீரத்துக்கு நாங்க வயித்தைக் கட்டினோம்."

உள்ளேயிருந்து வந்த பெரியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டருக்கு அந்த எட்டு வயதுப் பையன்மேல் இரக்கம் வந்தது. அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு நடந்தது அநியாயம் பெரியப்பா. அதை யாரும் இல்லைன்னு சொல்லலை. ஆனா அதுக்காக எங்கப்பா கல்லுல பொய்யை வெட்ட விடமாட்டேன்."

"உன் 'கா.'வை நீயே வச்சுக்கோ," என்றார் அத்தை. "அது உன் உரிமை. உன் தம்பி எங்கப்பா பேரை ஆயுசு முழுக்கச் சுமந்தான். அதை அவன்கிட்டேயிருந்து பிடுங்க நீ யாரு? கம்பெனிக்காரன் ஒருதடவை இல்லைன்னான். நீ ரெண்டாந்தடவை சொல்றே."

பெரியப்பாவின் முகம் சுருங்கியது. "நான் அங்க வரமாட்டேன்," என்றார்.

"நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்றான் ஆடிட்டர்.

"நாலு பேர் கேக்கட்டும்னுதானே வைக்கிறேன்," என்றாள் கண்டக்டர்.

வெளியே வந்த கையோடு கல்வெட்டுகிறவருக்கு போன் செய்தாள். "இன்ஷியலே வேண்டாம். 'மு.'ன்னா என்னவோ, அந்தப் பேரை முழுசா வெட்டுங்க. எங்கப்பா பேர் எந்த அளவோ, அதே அளவு."

கல் வைத்த அன்று சொந்தக்காரர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். பெரியப்பா வரவில்லை. அவர் அதற்குப் பிறகு கண்டக்டரோடு பல மாதம் பேசவும் இல்லை. இவள் மட்டும் வாராவாரம் போய், அவர் எதிரில் உட்கார்ந்து, பதில் வராத பேச்சைப் பேசிவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

ஆனால் அன்று எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பெரியம்மா தனியாக இறங்கினாள். புருஷன் சொல்லை மீறி அவள் ஒரு இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை என்று பின்னால் சொன்னாள். கல்லில் இருந்த பெயரை விரலால் தடவிப் படித்தாள்.

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் எனக்கு இதைச் சொன்னதில்லைடி. அன்னைக்குக் கதவுகிட்ட நின்னு பாதிதான் கேட்டேன். நீ முதல்லேருந்து சொல்லு."

பக்கத்தில் ஒரு அத்தான் முணுமுணுத்தார், "மெதுவா, மெதுவா. ரோட்டுல ஆளுங்க போறாங்க."

கண்டக்டர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.