மூட்டைக்குக் கால் இல்லை

என் வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இடுப்புக்கு மேலே வீம்பு மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. வீடு மாறுகிறவர்களின் பீரோ, கட்டிலையெல்லாம் மாடி மாடியாகத் தூக்கிப் பிழைத்தவர். "அடுத்தவன் என்னைத் தூக்குறதா?" என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது.

போன வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் இவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ படகில் வந்து ஜன்னல் வழியாக இழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் தையல்கடைக்காரி தெருவையே கூட்டி ஒத்திகை ஆரம்பித்தாள். விசில் ஊதினால் எல்லோரும் எதிரே இருக்கும் பள்ளிக்கூட மாடிக்குப் போக வேண்டும். நடக்க முடியாதவர்களை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்க வேண்டும்.

"அண்ணே, ஒத்திகைதானே, வாங்களேன்" என்று கெஞ்சினாள்.

"நான் என்ன மூட்டையா?"

அவள் சளைத்தவளா? இரண்டு சிமெண்ட் மூட்டைகளை நாற்காலியில் கட்டி, 'பீரோ அண்ணன்' என்று இவர் பட்டப்பெயரையே அதற்கும் வைத்துவிட்டாள். தெருவே சிரித்தது. நான் உள்ளே இவரிடம் போனேன்.

"மூட்டை பொழைச்சுக்கும். நீங்க இங்கேயே கிடங்க. நானும் பக்கத்துலயே கிடக்கிறேன். விட்டுட்டுப் போவேன்னு மட்டும் நினைக்காதீங்க" என்று கத்தினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜன்னலில் பார்த்தால் பள்ளிக்கூடத்தின் வெளிப்படி தெரியும். நடுவில் ஒரு குறுகலான திருப்பம். நால்வரும் மூட்டையோடு அதில் சுலபமாகத் திரும்ப, எல்லோரும் கைதட்டினார்கள். இவருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அடேய், மூட்டைக்குக் கால் இல்லைடா! எனக்கு இருக்கு, மடங்காம நீட்டிக்கிட்டு! அது சுவத்துல இடிச்சு அஞ்சு பேரும் உருளப் போறோம்!"

"அப்ப எப்படித் தூக்குறது, சொல்லுங்கண்ணே" என்றார் தூக்கிய நால்வரில் ஒருவரான பேக்கரிக்காரர்.

"சொன்னா விளங்காது. நாற்காலியைக் கொண்டாங்க."

அவர் மனசு மாறுவதற்குள் வாசல் கதவை விரியத் திறந்தேன்.

தூக்கியபோது அவருக்கு முகமெல்லாம் வேர்த்தது, கண்ணை இறுக மூடிக்கொண்டார். திருப்பம் வந்ததும் அவருக்குள் இருந்த தொழில்காரன் விழித்துக்கொண்டான். "முதுகுப் பக்கம் முதல்ல போகட்டும். காலைத் தூக்கிப் பிடி. மெதுவா! பீரோவா இருந்தா இந்நேரம் கண்ணாடி போயிருக்கும்." பேக்கரிக்காரருக்கு நாக்குத் தள்ளும்வரை ஏற்றி இறக்க வைத்தார். அதற்குப் பிறகு ஒரு ஒத்திகையையும் அவர் விடவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஆறு மறுபடி வந்தது. விசில் சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடி வந்தேன். கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறி, அதன் பெல்ட்டும் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். தரையில் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது.

"எங்கடி அந்த நாலு பேரு?"

வந்தார்கள். படியில் அவர் முதுகுப்பக்கமாக மேலே போக, மருந்துப் பையோடு பின்னால் ஏறிய என் பக்கம் அவர் முகம் இருந்தது. திருப்பத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"விட்டுட்டுப் போகமாட்டேன்னியே. உன்னையும் சேர்த்துத்தான்டி தூக்குறாங்க."



"பேச்சைக் குறைங்க, கையை உள்ளே வைங்க, சுவத்துல இடிக்கும்" என்று அதட்டினேன். நான் அழுதது நாற்காலி தூக்கியவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.