மாறாத முப்பத்தைந்து

முதலில் செத்தது இறால். காரணம் நான். குளியலறையில் வாசனை ஸ்பிரே அடித்தேனாம், அது ஹால் வரை மிதந்து வந்து தண்ணீரில் இறங்கியதாம். அடுத்து நத்தைகள். அதற்கும் நான்தான், தரை துடைக்கும் லோஷன் வழியாக. போன மாதம் கோடு போட்ட மீன்கள் இரண்டும் ஒரே நாளில் மிதந்தபோது, என் வீட்டுக்காரர் அடுப்படி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"மிளகாய் வறுத்தியா?"

வறுத்தேன். அன்றோடு எங்கள் வீட்டில் வறுப்பது, பொரிப்பது, தாளிப்பது எல்லாவற்றுக்கும் தடை. ஒரு மாதமாக அவித்ததைத்தான் தின்று கொண்டிருக்கிறோம்.

ஹாலில் இருப்பது இருநூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி. கடல் மீன் வளர்க்கிறார். இப்போது மீன்கள் என்று சொல்ல முடியாது, மிச்சம் ஒன்றே ஒன்றுதான். உள்ளங்கை அளவு மஞ்சள் மீன். அதற்கு மேனேஜர் என்று நான் பெயர் வைத்தேன். ஒரு வேலையும் செய்யாமல் நாள் முழுக்க ரவுண்டு வந்து எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கும். எனக்கு அதைப் பிடிக்கும். டியூட்டி முடிந்து நான் உள்ளே நுழைந்தால் கண்ணாடியோரமாக வந்து நிற்கும், அந்த வீட்டில் எனக்காக வந்து நிற்கும் ஒரே ஜீவன். அதுவும் ஒரு வாரமாகப் பம்புக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு வேகவேகமாக மூச்சு வாங்கியது. சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுவும் போச்சுன்னா உன்னாலதான், சொல்லிட்டேன்" என்றார் அவர்.

நான் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். காலையில் நோயாளிகள் வருவதற்கு முன்னால், மெஷினுக்குள் போகும் தண்ணீரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. சீல் வைத்த பாட்டிலில், தேதி போட்டு, இவ்வளவு உப்பு என்று எழுதி ஒரு கரைசல் வரும். முதலில் அதை வைத்து மீட்டரைச் சோதிக்க வேண்டும், பிறகுதான் தண்ணீரை. கொஞ்சம் பிசகினாலும் கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். பதினோரு வருடமாக ஒருவரும் எழுந்திருக்காமல் போனதில்லை. அப்படிப்பட்ட கை தொட்டியில் படக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். கிரீம் தடவுகிறேனாம்.

அவருக்குத் தொழில் கண்ணாடிக் கடை. ஊரில் உள்ளவர்களின் பார்வையைச் சரிபார்ப்பவர். கடல் மீன் வளர்ப்போர் குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்தப் பதவி வந்ததே ஒரு நோட்டால்தான். ஆயிரம் கிராம் கடல்நீரில் முப்பத்தைந்து கிராம் உப்பு இருக்க வேண்டும். நோட்டில் வாராவாரம், முப்பத்தைந்து, முப்பத்தைந்து, முப்பத்தைந்து. இப்படி அசையாத கடல் உலகத்தில் எங்கும் இல்லை என்று குழுவே மெச்சியது. உள்ளே எல்லாம் செத்துக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் அளப்பதை உட்கார்ந்து பார்த்தேன். '35' என்று ஒட்டிய சின்ன பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை உப்பு அளக்கும் மீட்டரின் கண்ணாடியில் விட்டார். அது குட்டித் தொலைநோக்கி மாதிரி இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, கோடு முப்பத்தைந்தில் நிற்கும்வரை திருகைத் திருப்பினார். துடைத்துவிட்டுத் தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு. முப்பத்தைந்து. நோட்டில் எழுதினார். பிறகு அந்தச் சின்ன பாட்டிலைக் கவிழ்த்துக் கழுவி, தொட்டியிலிருந்தே மொண்டு நிரப்பி மூடினார்.

பாட்டிலைக் கையில் எடுத்தேன். "என்னங்க, அதுல கடையில வாங்கின தண்ணி இல்லையா?"

"அது தீந்து ரெண்டு மாசமாச்சு. நம்ம தொட்டியே கரெக்டா முப்பத்தஞ்சு இருக்கும்போது வெளிய எதுக்கு வாங்கணும்? வாரா வாரம் ஃப்ரெஷ்ஷா மாத்திடுவேன்."

"தொட்டி முப்பத்தஞ்சுன்னு யாரு சொன்னா?"

"மீட்டர் சொல்லுதே!"

"மீட்டர் சரின்னு யாரு சொன்னா?"

"பாட்டில் வெச்சுதானே செட் பண்றேன்? இப்ப உன் கண்ணு முன்னாடிதானே பண்ணேன்?"

விடையைக் காதில் ஓதிவிட்டுக் கேள்வி கேட்டால் மீட்டர் வேறு என்ன சொல்லும்? தொட்டியில் கஞ்சியை ஊற்றியிருந்தாலும் முப்பத்தைந்துதான் காட்டியிருக்கும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். இவரோ வாரம் குறைகிற ஐந்து லிட்டருக்கும் உப்புத் தண்ணீரையே கலக்கி ஊற்றியிருக்கிறார், கடலுக்குக் கடலைத்தான் ஊற்ற வேண்டுமாம். வாரத்துக்கு ஏறுவது ஒரு கிராமுக்கும் குறைவு, அந்தக் கோட்டில் தெரியாது.

மறுநாள் மருந்துக்கடையில் சுத்தமான தண்ணீர் வாங்கி வந்தேன். அடுப்படித் தராசில் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றரை கிராம் தண்ணீர், முப்பத்தாறரை கிராம் சமையல் உப்பு. அந்த மீட்டரில் இந்தக் கரைசல் முப்பத்தைந்து காட்ட வேண்டும். சமையல் உப்பு கடலுப்பு இல்லை என்பதால் அந்த ஒன்றரை கிராம் அதிகம். காட்டியது இருபத்தேழு, எட்டு குறைவு. அப்படியென்றால் தொட்டியில் நாற்பத்து மூன்று. மேனேஜர் ஊறுகாய் ஜாடிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவரிடம் காட்டினேன். சிரித்தார். "சமையல் உப்பை வெச்சு கடலை அளக்கறியா? உன் தராசு தப்பு."

"இதுதாங்க என் வேலையே. பதினோரு வருஷமா செய்றேன்."

"அது மனுஷங்களுக்கும்மா. மனுஷன் எதையும் தாங்கிப்பான். மீனு அப்படியில்ல, ரொம்ப சென்சிட்டிவ்."

ஆத்திரம் தலைக்கேறியது. சண்டை போட்டு ஜெயித்திருப்பேன், ஆனால் இவர் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள எடுக்கும் காலம் எனக்குத் தெரியும். அவ்வளவு நாள் மேனேஜர் தாங்காது. என் பேர் கெட்டது கெட்டதாகவே இருக்கட்டும், மீன் பிழைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளிலிருந்து, அவர் எழுவதற்குள், தொட்டியிலிருந்து இரண்டு லிட்டர் எடுத்துக் கொட்டிவிட்டு, இரண்டு லிட்டர் ஃபில்டர் தண்ணீர் ஊற்றினேன். ஒரே நாளில் குறைத்தால் அதுவே மீனைக் கொன்றுவிடும். சனிக்கிழமை அவர் கலக்கி வைக்கும் வாளியிலும் நல்ல தண்ணீரை மாற்றி வைத்தேன். அவருடைய '35' பாட்டிலிலும் அன்றைய தொட்டித் தண்ணீரை நிரப்பி வைத்தேன், இல்லாவிட்டால் கோடு இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். என் கரைசலில் மீட்டரைத் திருத்தி அளந்துகொண்டே வந்தேன். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, மூன்றாவது வாரம் நிஜமான முப்பத்தைந்து. ஞாயிறுதோறும் அவர் தன் பாட்டிலை வைத்துத் திருகி, முப்பத்தைந்து என்று எழுதிக்கொண்டார். கடலையே மாற்றிவிட்டேன், நோட்டில் ஒரு கீறல் விழவில்லை.

மேனேஜர் சாப்பிட ஆரம்பித்தது, ரவுண்டு வந்தது. நான் யாரும் பார்க்காமல் கொஞ்சம் அழுதேன்.

அந்த மாதக் குழுக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. இவர், ஒரு பல் டாக்டர், ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர், இன்னும் இருவர், மொத்தம் ஐந்து பேர். "வறுக்கறத நிறுத்தினோம், மீன் எப்படித் தேறிடுச்சு பாருங்க!" என்றார் தலைவர். பல் டாக்டர் என்னைப் பெருந்தன்மையோடு பார்த்தார். "இப்பவாவது உங்களுக்குப் புரிஞ்சுதே அண்ணி, அது போதும்."

டீத் தட்டை அந்த வழுக்கையில் கவிழ்க்காமல் வைத்தது என் வாழ்க்கையின் சாதனை. கிளம்பும்போது இவர் ஆளுக்கொரு சின்ன பாட்டில் கொடுத்தார். மாதாமாதம் கொடுப்பாராம். எல்லாரும் மீட்டரைத் திருகுவது எங்கள் தொட்டித் தண்ணீரை வைத்துத்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் ஐந்து வீட்டிலும் ஒரே பொய். இந்த முறை பாட்டிலில் போவது உண்மை.

மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பல் டாக்டர் அலறினார். "தலைவரே, நாப்பத்திரண்டு காட்டுது! நேத்து வரைக்கும் முப்பத்தஞ்சுதான்! ரெண்டு மீன் வேற போயிடுச்சு!" டிரைவிங் ஸ்கூல்காரர் வீட்டில் நாற்பத்தொன்றாம், அவரும் லைனில் காத்திருக்கிறாராம்.

என் வீட்டுக்காரர் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். குரலைத் தாழ்த்தி நிதானமாகக் கேட்டார். "பதறாதீங்க டாக்டர். வீட்ல நேத்து என்ன சமைச்சாங்க?"

அந்தப் பக்கம் டாக்டர் உள்ளே திரும்பிக் கத்துவது கேட்டது. "ஏய், அடுப்புல என்னடி வெச்சே?" பாத்திரச் சத்தம் நின்றது. ஒரு பெண் குரல், பயந்துபோய், "நானா? நான் ஒண்ணும் பண்ணலையே" என்றது.

நான் போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"டாக்டர், போனை உங்க வீட்டம்மாகிட்ட குடுங்க" என்றேன். "வீட்ல தராசு இருக்கான்னு கேக்கணும்."