வண்டியில் ஒரு சத்தமும் இல்லை

1

இந்தக் கதை என் மனைவியின் வாயிலிருந்து பிறந்தது. போன வாரம் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவள், "என்னங்க, வண்டியில ஏதோ சத்தம் வருதே" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "உன் வளையலா இருக்கும்" என்றேன். வளையல்களைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, "இப்பவும் வருது" என்றாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்ததும் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

2

தொடக்கம்: 'கிறீச்சென்று அலறியது அந்தக் கேக் வேன்—'

வேண்டாம். பேய்க்கதை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இன்னொரு தொடக்கம்: 'லொடலொடவென்று வந்த...'

[சத்தங்களுக்கா நம் மொழியில் பஞ்சம்? கடகட, கரகர, டொக்டொக். ஆனால் எதைப் போடுவது? மனைவியிடம் விசாரிக்கலாம். விசாரித்தால் என் குட்டு வெளிப்பட்டுவிடும்.]

ஆகவே சத்தத்தை விட்டுவிட்டு ஆளிடம் போகிறேன்.

3

வேன்காரம்மா ஐம்பதைத் தாண்டியவர். ஒரு பேக்கரியின் வேனை ஓட்டுகிறார். மூன்றடுக்குக் கேக்கைக் குண்டும் குழியுமான தெருவில் க்ரீம் கலையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அன்று காலையில் முதலாளி அவரைக் கூப்பிட்டு, "வேன்ல சத்தம் வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கு மட்டும் கேக்கலையா? மெக்கானிக்கைக் கூட்டிட்டு ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க" என்றார்.

காது மந்தமாகிக்கொண்டு வருவது வேன்காரம்மாவுக்கு மட்டுமே தெரியும். முதலாளிக்குத் தெரிந்தால் வேன் சாவி வேறு கைக்குப் போய்விடும்.

(முதலில் இவரை ஆணாகத்தான் எழுதினேன். என் ஜாடை வந்துவிட்டது. மாற்றிவிட்டேன்.)

4

மெக்கானிக் ஏறி உட்கார்ந்து ரேடியோவை அணைத்தார், கண்ணாடிகளை ஏற்றினார். "அக்கா, நான் வாயே திறக்க மாட்டேன். சத்தம் வரும்போது நீங்க 'இப்போ'ன்னு சொல்லுங்க, போதும்."

வேன்காரம்மாவுக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. எனக்கும்தான். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

முதலில் அவர் மெக்கானிக்கின் புருவத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். அது ஏறும்போதெல்லாம் "இப்போ" என்றார். இரண்டு தடவை சரியாக இருந்தது. மூன்றாவது தடவை மெக்கானிக்குக்குத் தும்மல் வந்திருந்தது.

"இப்ப வரலையே அக்கா."

வேன்காரம்மா செருப்பைக் கழற்றி ஒதுக்கினார். வெறுங்காலால் பிரேக்கை மெல்ல அழுத்தினார். உள்ளங்காலில் ஏதோ நறநறவென்று ஓடியது. ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தது.

"இப்போ. பிரேக்கை விட்டா நின்னுடுது. மறுபடி... இப்போ. இடது முன்சக்கரம்தான் தம்பி. பிரேக் பேட் தேஞ்சிருக்கும்."

பட்டறைக்குத் திரும்பிச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பேட் தகடாகத் தேய்ந்திருந்தது. "உங்களுக்குப் பாம்புக் காது அக்கா" என்றார் மெக்கானிக். முதலாளியிடம் அப்படியே சொல்வதாகவும் சொன்னார்.

5

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நல்ல முடிவு. ஆனால் வேனுக்குப் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்களே, அதை எந்தக் காலால் கேட்பது? அதனால் இன்னும் ஒரு பத்தி எழுதினேன்:

'புது பேட் மாட்டியாகிவிட்டது. வேன்காரம்மா வேனை நோக்கி நடக்கிறார். பின்னாலிருந்து மெக்கானிக், "அக்கா, ஒரு நிமிஷம்" என்கிறார். சத்தமாக இல்லை. வேண்டுமென்றேதான். வேன்காரம்மா...'

முடிவு அ: திரும்பினார். (அடித்துவிட்டேன். பொய்.)

முடிவு ஆ: திரும்பவில்லை. (அடித்துவிட்டேன். பயமாக இருக்கிறது.)

6

தோளில் ஒரு கை விழுந்தது. தூக்கிவாரிப் போட்டது.

"எத்தனை வாட்டிங்க கூப்பிடறது? சாப்பாடு ஆறிப்போச்சு."

பேனாவை மூடுவதற்குள் மனைவி தாள்களை எடுத்துவிட்டாள். முதல் பக்கத்திலிருந்து படித்தாள். வளையல் வந்த இடத்தில் சிரித்தாள். தும்மல் வந்த இடத்திலும் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. கடைசித் தாளை என் முன்னால் வைத்துவிட்டு, எதிரே வந்து என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் உட்காரும் இடம் அது இல்லை.

"எப்போலேர்ந்து?" என்றாள், உதடுகள் நன்றாகத் தெரியும்படி.

வேன்காரம்மா திரும்பினாரா இல்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் இவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.