1147-ஆம் அட்டையின் துளைகள்

அறுபதாம் ஆண்டு விழா என்று மேலிடம் பேச்செடுத்த நாளிலேயே பெட்டியம்மாவுக்கு நிம்மதி போயிற்று. அந்த நிவாரண நிறுவனத்தின் ஆவண அறையில் நான்கு வருடமாகப் பழைய பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுவதுதான் அவள் வேலை; பெயரும் அப்படி வந்ததுதான். மொத்தம் எண்ணூற்று நாற்பது பெட்டிகள். முடிந்தவை முந்நூற்றுப் பத்து. ஸ்கேனர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்த கோப்பு மூன்று வருடமாக மாடியிலேயே குடித்தனம் நடத்துகிறது.

அவள் உயிரை வாங்கியவை வெள்ள முகாம் அட்டைகள். ஐம்பத்தேழு வருடத்துக்கு முந்தைய வெள்ளம். முகாமுக்கு வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை, ஓர் எண், ஒரு புகைப்படம். படத்தை ஓர் உறையில் போட்டு வைத்திருக்கலாம். அன்றைய குமாஸ்தா குண்டூசியால் குத்தி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அத்தனையும் துருப்பிடித்துப் படத்தோடும் அட்டையோடும் ஒட்டிக் கிடந்தன. குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போதெல்லாம் அந்த மனிதரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியிருக்கிறாள். பிடுங்கியபின் படத்தின் பின்னால் பென்சிலில் எண்ணை எழுதி, அட்டையோடு சேர்த்து உறையில் வைத்தாள். அதற்கே பதினொரு மாதம் ஆனது.

போன வாரம் அவள் மூன்று நாள் காய்ச்சலில் படுத்திருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் உறைகளில் அட்டைகள் மட்டும் இருந்தன.

மக்கள் தொடர்பு அதிகாரியின் கைங்கரியம். அவனுக்கு அலுவலகம் வைத்த பெயர் போஸ்டர். இருநூற்றுப் பன்னிரண்டு படங்களை எடுத்துப் போய், பின்பக்கம் முழுக்கப் பசை தடவி, முன்கூடத்தில் ஒரு தடித்த அட்டைப் பலகையில் வரிசையாக ஒட்டியிருந்தான்.

"எண்ணைக் குறிச்சு வச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எந்த எண் மேடம்? முகம்தானே முக்கியம்" என்றான்.

அன்று அவளுக்கு வந்த ஆத்திரத்துக்குப் பலகையைத் தூக்கி அவன் தலையிலேயே போட்டிருப்பாள். பலகை எட்டடி நீளம் என்பதால் போஸ்டர் பிழைத்தான்.

இன்று காலை பஸ் டிரைவர் வந்து நின்றார். ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. இது மூன்றாவது நடை. முதல் முறை அட்டைகள் வரிசைப்படாமல் கிடந்தன. இரண்டாம் முறை இவள் காய்ச்சலில் இருந்தாள். அவர் கேட்டதெல்லாம் ஒரே ஒரு படம்தான். நாலு வயதில் அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு முகாமுக்கு வந்தவள் அவருடைய அக்கா. முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு வேறு படம் கிடையாது. அவள் முகம் அவருக்கு நினைவில்லை.

"தூக்கிக்கிட்டு நடந்தது ஞாபகம் இருக்கும்மா. முகம் மட்டும் வரவே மாட்டேங்குது" என்றார்.

அட்டை இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. 1147. பெண், வயது 9. உடன் தம்பி, வயது 4. அதன் கீழே பதினொரு நாள் கழித்து வேறொரு மையில் ஒரு தேதி. படம் இருந்த இடத்தில் வெறும் துருக்கறை.

கூடத்துக்கு அழைத்துப் போனாள். பலகையில் இடுப்பில் குழந்தையோடு நிற்கும் சிறுமிகள் மட்டுமே நாற்பது பேருக்கு மேல். டிரைவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"நாலு மணிக்கு லாரி வருது. பலகை ஆறு மாசம் எல்லாக் கிளைக்கும் போயிட்டு வரும். வந்ததும் நிதானமாப் பார்க்கலாமே" என்றான் போஸ்டர்.

இந்த அலுவலகத்திலிருந்து சுற்றப் போன பொருள் எதுவும் வீடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. நாற்காலிகூடத் திரும்பியதில்லை. எல்லாப் படத்தையும் பிய்த்துப் பின்னால் எண் பார்க்கலாம் என்றால், பசை போட்டிருக்கும் போடுக்கு முகம்தான் கிழியும்.

பெட்டியம்மா அறைக்குப் போய் அட்டையை மேசையில் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். செல்போன் அடித்தது. அவளுடைய தம்பி. நாற்பது வயது, அடுத்த தெரு.

"அக்கா, மிக்ஸி மூடியை எங்க வச்சே?"

"உன் வீட்டு மூடி எனக்கு எப்படிடா தெரியும்?"

"நீதானே நேத்து வந்தே."

வைத்துவிட்டாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்தக் குமாஸ்தா 1147-இல் ஒரு தடவை குத்தியதோடு விடவில்லை. குத்தி, எடுத்து, மறுபடி சாய்வாகக் குத்தியிருக்கிறார். ஐந்து துளைகள், ஒன்று விளிம்போடு பிய்ந்திருந்தது. ஊசி அட்டையில் இறங்கியிருந்தால் படத்திலும் இறங்கித்தான் இருக்க வேண்டும். ஒரு டிரேசிங் தாளை வைத்து ஐந்து துளைகளையும் கறையின் ஓரத்தையும் பென்சிலில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

"மேடம், பலகையைத் தொடாதீங்க."

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க."

ஒவ்வொரு சிறுமியின் மேலும் தாளை வைத்தாள். வைத்தாள், எடுத்தாள். மணி இரண்டானது, மூன்றானது. செல்போன் இன்னும் இரண்டு தடவை அடித்தது. டிரைவர் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தார். நான்காவது வரிசையில், நட்டநடுவில், ஐந்து துளையும் ஐந்து புள்ளியில் உட்கார்ந்தன.

பேப்பர் கத்தியால் படத்தைச் சுற்றிப் பலகையையே வெட்டி எடுத்தாள். போஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். கத்தி முனையால் படத்தின் மூலையைக் கிளப்பியதில் அந்த மூலை பாதி கிழிந்தது. மீதிப் பாதியின் பின்னால் அவளுடைய பென்சில் எழுத்து, 1147-இன் கடைசி 47. குமாஸ்தாவை வாழ்க்கையில் முதல் முறையாகத் திட்டாமல் நினைத்தாள்.

டிரைவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். படத்துக்குக் கீழே போஸ்டர் ஒட்டியிருந்த துண்டுச்சீட்டும் கூடவே வந்திருந்தது. கொட்டை எழுத்தில் 'தாய்மை' என்று இருந்தது. மேலே, எண்ணெய் காணாத தலையோடு, எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை, தன்னில் பாதி இருக்கும் இன்னொரு குழந்தையைச் சுமக்க முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

"இவ்ளோ சின்னதாவா இருந்தா?" என்றார் டிரைவர். "நான் அவளைப் பெரியவன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன். ரொம்பப் பெரியவன்னு."

பெட்டியம்மா படிவத்தை நீட்டினாள். பிரதி கொடுக்கவும் படிவம் வேண்டும், அதில் மக்கள் தொடர்புப் பிரிவின் கையெழுத்தும் வேண்டும். டிரைவர் நிதானமாக எழுதினார். போஸ்டர் வாங்கிப் பார்த்து, சலித்துக்கொண்டான்.

"வயசை மாத்திப் போட்டுட்டீங்களே ஐயா. படத்தில் இருப்பவர் அக்கா, ஒன்பது. விண்ணப்பதாரர் தம்பி, அறுபத்தொண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

"மாத்தல சார்" என்றார் டிரைவர். "அப்படித்தான்."

போஸ்டர் படிவத்தை மறுபடி பார்த்தான். படத்தைப் பார்த்தான். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தத் துண்டுச்சீட்டை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான். அவனே போட்ட பசை. லேசில் வரவில்லை.