பத்து நொடிக்குள் ஊதா

செவ்வாய்க்கிழமை காலை ஓவியா இன்குபேட்டரைத் திறந்தபோது, சண்முகத்தாய் என்று பெயர் எழுதிய தட்டில் கிருமி நன்றாக வளர்ந்திருந்தது. இரத்தம் கலந்த சிவப்புக் கூழின்மேல் சாம்பல் நிறப் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் இரத்தம் கரைந்து, கண்ணாடி போலத் தெளிவான ஒரு வளையம்.

சண்முகத்தாயை அவள் பார்த்ததில்லை. சிவகாசியில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையில் பரிசோதனைக் கூடம் கீழ்த்தளத்தில், தீக்காய வார்டு இரண்டாவது மாடியில். வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் ஓவியா மாடி ஏறியது மூன்று முறையோ நான்கு முறையோ. மேலிருந்து பஞ்சுக் குச்சியில் சீழ் வரும். கீழிருந்து கிருமியின் பெயர் போகும். அந்த ஏற்பாடு அவளுக்குப் பிடித்திருந்தது. கிருமிகளிடம் பேச வேண்டியதில்லை.

படிவத்தைப் பார்த்தாள். சண்முகத்தாய், வயது முப்பத்து நான்கு, தாயில்பட்டி. வலது கையில் விரல் முதல் முழங்கை வரை தீக்காயம். காரணம்: வீட்டில் கேஸ் அடுப்பு.

கண்ணாடிச் சில்லில் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் ரோஸ் நிறத்தில் சின்னச் சின்னக் கம்பிகளாகக் கிருமிகள் தெரிந்தன. ரோஸ் கம்பிகளில் எத்தனையோ வகை. அவற்றைப் பிரிக்க முதல் வேலை ஆக்சிடேஸ் சோதனை. வடிதாளில் ஒரு சொட்டு மருந்து விட்டு, அதன்மேல் குச்சியால் கொஞ்சம் கிருமியைத் தேய்க்க வேண்டும். பத்து நொடிக்குள் ஊதாவானால் ஒரு வழி. நிறம் மாறாவிட்டால் ஈ.கோலை போன்ற குடல் கிருமிகளின் வழி.

வேறு ஊர்க் கூடங்களில் இதற்குப் பிளாட்டினக் கம்பி வைத்திருப்பார்கள். இங்கே தீப்பெட்டிக் கம்பெனியில் வாங்கும் வெறுங்குச்சிதான், முனையில் மருந்து முக்காதது. ஒரு சாக்கு வாங்கினால் வருடம் ஓடிவிடும். பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, நீராவியில் அவித்து வைத்துக்கொள்வார்கள்.

தேய்த்தாள். எண்ணினாள். நான்கு எண்ணுவதற்குள் தாள் ஊதாவாகிவிட்டது.

அவள் முகம் சூடானது. மூன்று மாதத்துக்கு முன் வந்த சாக்கில், மருந்து முக்கும் இடத்தில் கிடந்த குச்சிகள் கலந்துவிட்டிருந்தன. அந்த மருந்துத் தூசியே தாளை ஊதாவாக்கியது. அது தெரியாமல் நான்கு நோயாளிகளுக்குத் தவறான கிருமியை எழுதிக் கொடுத்துவிட்டாள். கண்டுபிடித்தவர் கூடத்தின் மூத்த டெக்னீஷியன் ராஜபாண்டியன்.

"ஏ தாயி, நீ எங்க டெஸ்ட் பண்ண? மத்தாப்புல்ல கொளுத்தியிருக்க!" என்றார் அன்றைக்கு. கூடமே சிரித்தது. ஓவியாவும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. சாக்கை அப்போதே மாற்றிவிட்டார்கள். பேச்சு மட்டும் மாறவில்லை. யாருக்கு ஊதா வந்தாலும், "குச்சியா இருக்கும்லா" என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

இப்போதும் ராஜபாண்டியன் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, மறுபடி மத்தாப்பா?"

"ஊதா வருது சார்."

"குச்சி பண்ற வேலை. நாளைக்குச் சர்க்கரைக் குழாயப் பாரு, மஞ்சளா நிக்கும். ஈ.கோலைதான். அடுப்புல சுட்ட கேசுல வேற என்னத்த வரப்போகுது?"

அவர் கெட்டவர் இல்லை. ஓவியா பிறப்பதற்கு முன்பிருந்தே தட்டு பார்க்கிறவர். சாக்கு மாற்றியாகிவிட்டதே சார் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, ஏட்டில் ஆக்சிடேஸ் கட்டத்தில், நிறம் மாறவில்லை என்று கழித்தல் குறி போட்டாள்.

புதன்கிழமை அவர் சொன்னபடியே, கிருமி சர்க்கரையைப் புளிக்கவைத்து, சர்க்கரைக் குழாய் மஞ்சளாக நின்றது. மற்றச் சோதனைகளும் ஈ.கோலைக்குப் பொருந்தின. மருந்து வட்டுகள் வைத்த தட்டில் மெரோபெனெம் என்ற ஆன்டிபயாட்டிக் வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் அகலமான இடம் விட்டிருந்தது. ஈ.கோலை, மெரோபெனெம் கேட்கும் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டு மேலே அனுப்பினாள். அன்று மாலையே அந்த ஊசி ஏற ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை காலை போன் அடித்தது. தீக்காய வார்டின் அறுவை மருத்துவர், டாக்டர் பிரீத்திகா.

"ஓவியா, அந்தத் தாயில்பட்டி கேஸ். காய்ச்சல் இறங்கவே இல்ல. கை கருத்துக்கிட்டே வருது. தோலை அமுக்குனா உள்ள காத்து நெறநெறங்குது. நீங்க எழுதிக் குடுத்த கிருமிதானா இது?"

"திரும்பப் பாக்கறேன் டாக்டர்."

போனை வைத்துவிட்டு இன்குபேட்டரைத் திறந்தாள்.

சண்முகத்தாயின் கிருமியைப் புதிதாக வளர்த்துவிட்ட தட்டு ஒன்று இருந்தது. அதை எடுத்தாள். செவ்வாய்க்கிழமையே செய்திருக்க வேண்டியதை இப்போது செய்தாள். வடிதாளில் இரண்டு சொட்டு. ஒன்றில் சண்முகத்தாயின் கிருமி. பக்கத்தில் இன்னொன்றில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கூடத்தில் எப்போதும் வளர்த்து வைத்திருக்கும் சுத்தமான ஈ.கோலை. ஒரே பொட்டலத்துக் குச்சிகள்.

பத்து எண்ணினாள். ஈ.கோலை தேய்த்த இடம் வெள்ளையாகவே இருந்தது. மற்றது கத்தரிப்பூ நிறத்தில் இருண்டிருந்தது.

குச்சியே வேண்டாம் என்று, இன்னொரு தாளில் கண்ணாடிக் குழாயின் நுனியால் எடுத்துத் தேய்த்தாள். மறுபடியும் ஊதா.

ஊதா, மஞ்சள் குழாய், கரைந்த இரத்தம். இந்த மூன்றும் சேர்ந்து காயத்தில் வரும் கிருமி அவளுக்குத் தெரிந்து ஒன்றுதான். ஏரோமோனாஸ். கல்லூரியில் அரைப் பக்கம் படித்தது. குளம், குட்டை, தேங்கிய தண்ணீர் எல்லாம் அதன் வீடு. தட்டில் மெரோபெனெமுக்கு அடங்கியதுபோல் காட்டும். உடம்புக்குள் கூட்டம் பெருகியதும் அந்த மருந்தையே உடைத்துப்போடும். சதைக்குள் இறங்கினால் மணிக்கணக்கில் தின்றுகொண்டே போகும்.

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ராஜபாண்டியன் எதிரே வந்தார்.

"எங்கன ஓடுத?"

தாள்களை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்தார். மத்தாப்பு என்று சொல்லவில்லை.

"போ. லிப்டுக்கு நிக்காத, படியில போ," என்றார்.

டாக்டர் பிரீத்திகா நின்றபடியே கேட்டார். கேட்டு முடித்ததும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மருந்தை இப்பவே மாத்திடறேன். அது கஷ்டமில்ல. ஆனா ஏரோமோனாஸ்னா மருந்து மட்டும் போதாது. இன்னைக்கே கையைத் திறந்து செத்த சதையெல்லாம் எடுக்கணும். எது வரைக்கும் போகணுமோ தெரியாது. அவங்க இருக்கற நிலைமைக்கு மயக்கம் குடுக்கறதே ஆபத்து. சமையல்கட்டுல சுட்டுக்கிட்டவங்களுக்குக் குளத்துக் கிருமி எப்படிம்மா வரும்? புதன்கிழமை ஈ.கோலைன்னு கையெழுத்துப் போட்டதும் நீங்கதான். எந்தக் கையெழுத்தை நம்பட்டும்?"

டாக்டர் வராந்தாப் பக்கம் கையைக் காட்டினார்.

"அவங்க வீட்டுக்காரர் வெளியதான் இருக்கார். நான் கேட்டுப் பாத்துட்டேன். அடுப்புங்கறார். அதுக்கு மேல வாயே திறக்கல."

சண்முகத்தாயின் கணவர் கோட்டைச்சாமி வராந்தாவின் கோடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. அவர் நகக்கண்களில் பட்டாசுக்குப் போடும் வெள்ளிப் பொடியின் மினுமினுப்பு. எந்த சோப்புக்கும் போகாது அது. ஓவியாவின் தெருவிலும் பாதிப் பேருக்கு அதே நகம்.

"அண்ணே," என்றாள்.

அவர் அவசரமாக எழுந்தார். "சொல்லுங்க டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்லண்ணே. கீழ லேப்ல இருக்கேன். தீப்பிடிச்சப்ப அக்கா தண்ணியில எறங்குனாகளா?"

அவர் முகம் இறுகியது. "அடுப்புதான் தாயி. எம்புட்டு வாட்டிதான் கேப்பீக? டாக்டரம்மா கேட்டாக. நர்சம்மா கேட்டாக. போலீசும் வந்து எழுதிட்டுப் போயாச்சு. பாலு காய்ச்சையில டியூப்புல புடிச்சிருச்சு. மத்தியானம் பன்னெண்டு மணி இருக்கும்."

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு யார் பால் காய்ச்சுவார்கள் என்று அவள் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படியே திரும்பிப் போய்விட்டால் யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை. அடுப்பு என்றுதான் எல்லாக் காகிதத்திலும் இருக்கிறது.

"நான் தப்பாக எழுதிட்டேண்ணே," என்றாள். பதற்றத்தில் பேச்சு பாதி புத்தகத் தமிழாக வந்தது. "செவ்வாக்கெளம டெஸ்ட்ல சரியா வந்தத விட்டுட்டுக் கிருமி பேரத் தப்பா எழுதிட்டேன். அதனாலதான் ரெண்டு நாளா கேக்காத மருந்து ஏறிக்கிட்டு இருந்திருக்கு. இப்பச் சரியான பேரு தெரிஞ்சிருச்சு. ஆனா அது தேங்குன தண்ணியில இருக்கற கிருமி. நீங்க அடுப்புன்னே சொன்னா என்னை யாரும் நம்ப மாட்டாக. நம்பலைன்னா ஆபரேசன் தள்ளிப்போகும். தள்ளிப்போனா அக்கா பொழைக்க மாட்டாக."

இவ்வளவு நீளமாக அவள் ஓர் அந்நியரிடம் பேசியதே இல்லை.

"நீங்க தப்பா எழுதுனீகளா?" என்றார் கோட்டைச்சாமி. கோபமாகக் கேட்கவில்லை. புரிந்துகொள்ள முயல்வது போலக் கேட்டார்.

"ஆமாண்ணே."

அவர் மறுபடி தரையில் உட்கார்ந்தார். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"தீப்பிடிச்சது எங்க பட்டாசு ஷெட்டுல. அதுக்கு லைசென்சு கெடையாது தாயி. வெளிய தெரிஞ்சா சீல் வச்சிருவாக. தம்பியும் அதுலதான் வேலை பாக்கான், அவனத் தூக்கிட்டுப் போயிருவாக. லோடு எடுக்க வர்றவன், சீசன் முடியிற வரைக்கும் அடுப்புன்னே சொல்லுங்கன்னுட்டான். நீங்க வெளிய சொல்ல மாட்டீகள்ல?"

சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிடலாம். அவர் உடனே பேசிவிடுவார்.

"டாக்டர்ட்டச் சொல்லித்தான் ஆகணும்ணே. அவுக கேஸ்தாள்ல எழுதுவாக. பெறகு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

உள்ளே யாரோ ஒருவர் கட்டு மாற்றும்போது கத்தினார். கோட்டைச்சாமி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தல் அடங்கிய பிறகுதான் பேசினார்.

"ஷெட்டுக்குப் பின்னால கல்லு வெட்டுன கெடங்கு ஒண்ணு இருக்கு. மழைக்குத் தேங்குன தண்ணி பச்சையாக் கெடக்கும். மாடுகூட வாய் வைக்காது. கை எரிய எரிய ஓடியாந்தா. பக்கத்துல ஒரு வாளித் தண்ணி இல்ல. நாந்தான் புடிச்சு அதுக்குள்ள தள்ளுனேன். தூக்கையில கை முழுக்கச் சகதி."

ஓவியா எழுந்துவிட்டாள். டாக்டர் இருக்கும் அறையை நோக்கி இரண்டு எட்டு வைத்தபோது அவர் கூப்பிட்டார்.

"தாயி. அப்ப நான் தள்ளுனதுலதான் இது வந்துச்சா?"

"தள்ளலைன்னா அன்னைக்கே போயிருப்பாகண்ணே."

அது உண்மைதான். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்ன ஒரு மணி நேரத்துக்குள் சண்முகத்தாயை ஆபரேசன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். ஓவியா கீழே வந்து ஏட்டைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் இருந்த கழித்தல் குறியை அழிக்கக் கூடாது. பழையது தெரியும்படி ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் கூட்டல் குறி போட்டு, தேதியும் கையெழுத்தும் இட்டாள். ராஜபாண்டியன் வந்து பேனாவை வாங்கினார். அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

"நான் சொல்லித்தான போட்ட," என்றார்.

"நான்தான சார் போட்டேன்."

அவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார். அன்றைக்கு யாரும் அந்தக் கூடத்தில் சிரித்துப் பேசவில்லை.

ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் மாடி ஏறினாள். டாக்டர் பிரீத்திகா அப்போதுதான் கோட்டைச்சாமியிடம் பேசி முடித்திருந்தார். ஓவியாவைப் பார்த்து, "உயிருக்கு இனிமே பயமில்ல. முழங்கைக்குக் கீழ எடுக்க வேண்டியதாயிடுச்சு," என்று சொல்லிவிட்டு, அவள் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனார்.

கோட்டைச்சாமி சுவரில் சாய்ந்து நின்றார்.

"செவ்வாக்கெளமயே தெரிஞ்சிருந்தா கை நின்னுருக்குமா தாயி?"

உறுதியாகச் சொல்ல முடியாது என்பது சரியான பதில். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும்.

"நின்னுருக்கலாம்ணே," என்றாள். அது தப்பித்துக்கொள்கிற வார்த்தையாகப் பட்டது. "நின்னுருக்கும்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

"அவ கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "மொத நாளே நான் உள்ளதச் சொல்லியிருந்தாலும் நின்னுருக்கும்ல?"

ஓவியா அவர் பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "சண்முகத்தாய் வீட்டுக்காரரு வாங்க. முழிச்சிட்டாக. கை எங்கன்னு கேக்காக."

கோட்டைச்சாமி நகரவில்லை.

"நீங்களும் வாங்க தாயி. எனக்கு வாய் வராது."

"எனக்கும் வராதுண்ணே."

"வராட்டியும் வாங்க."

வார்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். அவர் வெகுநேரமாகக் கழற்றிக்கொண்டே நின்றார். ஓவியா முதலில் உள்ளே போனாள்.